பத்தடி தூரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், டாக்டர்?

கேள்வி: நான் மருத்துவத் துறைப் பேராசிரியர். முதுநிலை மாணவர்களுக்கு நோயாளிகளிடம் பேசும் முறை பற்றி மூன்று வருடங்களாக வகுப்பு எடுக்கிறேன். துக்கச் செய்தி சொல்வதற்கான ‘ஸ்பைக்ஸ்’ முறையின் ஆறு படிகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். நடிகர்களை நோயாளியாக உட்காரவைத்து நடத்தும் தேர்விலும் நல்ல மதிப்பெண். வார்டுக்குப் போனால் மட்டும் கல்லாகிவிடுகிறார்கள். போன வாரம் ஒரு முதலாண்டு மாணவி, கணவரை இழந்த பெண்ணிடம் வராந்தாவில் நின்றபடியே, “காப்பாத்த முடியல. பாடியை எப்ப எடுத்துக்கறீங்க?” என்று கேட்டிருக்கிறாள். நான் அப்போது பக்கத்து மேஜையில்தான் கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். குடும்பத்தார் புகார் கொடுத்துவிட்டார்கள். வேலைப் பளுவில் நேரமும் இல்லை. இவர்களுக்கு எந்தப் பாடமுறை சரிப்படும்?

பதில்: இதே கடிதத்தை வேறு வேறு கையெழுத்தில் பல முறை படித்துவிட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனசே இல்லை என்று நானும் சேர்ந்து சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். மாட்டேன்.

பக்கத்து மேஜை என்றால் பத்தடி இருக்குமா? அவள் பேசியது உங்கள் காதில் விழுந்திருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை எழுதியிருக்கிறீர்களே! பேனாவைக் கீழே வைத்தீர்களா? எழுந்து போய் அந்த அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டீர்களா? கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அப்படி ஒரு வரி இல்லை. மாணவி என்ன சொன்னாள், குடும்பத்தார் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. நீங்கள் செய்ததாக இருப்பது கையெழுத்து மட்டும்தான்.

ஒரு வீட்டுக்குத் துக்கச் செய்தி சொல்ல வேண்டும் என்றால் குடும்பத்தில் பெரியவர் முன்னால் நடப்பார், சின்னவர்கள் பின்னால் போவார்கள். கடைக்குட்டியைத் தனியாக அனுப்பிவிட்டுப் பெரியவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தால் அவரைப் பெரியவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய ஆள் பேசுகிறான் என்று நினைத்தாலும் சரி, ஒரு மருத்துவப் பிரிவும் குடும்பம்தான், அதில் மூத்தவர் நீங்கள். நீங்கள் ஒரு மரணத்தைச் சொல்லி அந்த மாணவி ஒரு தடவையாவது பார்த்திருக்கிறாளா? ஸ்லைடில் வேண்டாம், வார்டில்.

பாடமுறை கேட்டீர்கள். நீங்கள் சொல்லும் ஆறு படிகள் 2000-ல் புற்றுநோய் மருத்துவர்களுக்காக அச்சானவை. நல்ல படிகள்தான். ஆனால் ஒன்று தெரியுமா? மருத்துவப் பயிற்சியில் இருந்தவர்களை நடிகர்களோடு பேசிப் பழகவைத்துப் பார்த்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு 2013-ல் ‘ஜாமா’ என்ற மருத்துவ இதழில் வந்தது. அசல் நோயாளிகளும் குடும்பத்தாரும் கொடுத்த மதிப்பெண் ஏறவே இல்லை. அதோடு, பயிற்சி பெற்றவர்களிடம் சிகிச்சை எடுத்த நோயாளிகளின் மனச்சோர்வு சற்றுக் கூடியிருந்தது. அதற்காகப் பயிற்சியே வீண் என்று வகுப்பை மூடிவிடாதீர்கள். 2002-ல் பிரிட்டனில் 160 புற்றுநோய் மருத்துவர்களை வைத்து நடந்த ஆய்வில், மூன்று நாள் பயிற்சி பெற்றவர்கள் அசல் நோயாளிகளிடம் பேசும் விதம் மாறியது. அதைப் படம்பிடித்தே பார்த்தார்கள். கவனியுங்கள், அங்கே பயிற்சிக்கு உட்கார்ந்தது உங்களைப் போன்ற டாக்டர்கள். அனுபவம் ஏற ஏறப் பேச்சு தானாக வந்துவிடாது என்பதும் அதில் தெரிந்தது. நீங்கள் பேசுவதை யாராவது பார்த்துத் திருத்தி எத்தனை வருடம் ஆகிறது?

நேரம் இல்லை என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். நோயாளி வாயைத் திறந்த சராசரி 18 நொடியில் மருத்துவர் குறுக்கே பேசிவிடுகிறார் என்று 1984-லேயே எண்ணிச் சொல்லிவிட்டார்கள். குறுக்கிடாமல் விட்டால் எவ்வளவு நேரம்தான் பேசுவார்கள் என்று சுவிட்சர்லாந்தில் பார்த்தார்கள். சராசரி 92 நொடி. ஒரு கேஸ் ஷீட்டை நிரப்புகிற நேரம்கூட இல்லை.

அந்த மாணவி சொன்ன இரண்டு வாக்கியத்துக்கு வருகிறேன். “காப்பாத்த முடியல” என்பது டாக்டரைப் பற்றிய சேதி. அந்த அம்மா கேட்கக் காத்திருந்தது கணவரைப் பற்றி. அந்த அம்மாவை உட்காரவைத்து, இதுவரை அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு, கணவரின் பெயரைச் சொல்லி, “இறந்துவிட்டார்” என்று சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் கஷ்டம். பயந்தவர்களால் மௌனமாக இருக்க முடியாது, அடுத்த வேலைக்குத் தாவுவார்கள். ‘பாடி’ என்ற சொல் அப்படி வந்ததுதான். அவள் கல் இல்லை டாக்டர், பயந்துபோன பெண். அன்றைக்கு அவள் சாப்பிட்டாளா என்று யாராவது கேட்டீர்களா?

அடுத்த மரணத்தை நீங்கள் சொல்லுங்கள், அவள் பக்கத்தில் உட்காரட்டும். அதற்கடுத்ததை அவள் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். வெளியே வந்ததும் ஐந்து நிமிடம் இரண்டு பேரும் பேசுங்கள். மதிப்பெண் எல்லாம் வேண்டாம்.

ஆனால் முதல் வேலை வேறு. இறந்தவர் பெயரை எனக்கு எழுதாதது சரிதான், பத்திரிகைக்கு அது தேவையில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்ட கேஸ் ஷீட்டில் அது இருக்கும், அந்த வீட்டுத் தொலைபேசி எண்ணும் இருக்கும். நாளைக் காலையில் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். வரச் சொன்னால் மாணவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். மன்னிப்பை நீங்கள் கேளுங்கள், அவளைக் கேட்கவைக்காதீர்கள்.