“பிள்ளை மேல பாசமே வரலைம்மா!”

கேள்வி: என் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆகிறது. தலைப்பிரசவம், எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். குழந்தை தூங்கினாலும் இவள் தூங்குவதில்லை. மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள். சாயங்காலமானால் அழுகை. “பிள்ளை மேல பாசமே வரலைம்மா” என்கிறாள். திருஷ்டி கழித்து, தாயத்தும் கட்டியாயிற்று. “அவளுக்கு என்ன குறை?” என்கிறார்கள் சம்பந்தி வீட்டில். மனநல டாக்டரிடம் போனால் மாத்திரை கொடுத்து, தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வார்களோ?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேனி

பதில்: அம்மா, மகள் இதை உங்களிடம் வாய்விட்டுச் சொன்னதே பெரிய விஷயம். என்னிடம் வரும் பெண்கள் பலர் தலைவலி, பால் போதவில்லை என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். ‘நீயெல்லாம் ஒரு தாயா’ என்று கேட்டுவிடுவார்களே என்ற பயம். பாசம் இல்லாதவள் ராத்திரியெல்லாம் விழித்துப் பிள்ளையின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். அது பதற்றம். அவளிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் வரும் அழுகை பலருக்கும் உண்டு, இரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். ஆறு வாரமாகியும் நீடித்தால் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். பிரசவித்த பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு, முக்கியமாக மனச்சோர்வு, வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வளரும் நாடுகளில் இது 20 சதவீதத்தை நெருங்குகிறது. குறை இருந்தால்தான் வரும் என்றில்லை.

டாக்டர் என்ன செய்வார்? இந்த மனச்சோர்வைக் கண்டறிய 1987-ல் உருவான எடின்பரோ கேள்வித்தாள் இருக்கிறது. கடந்த ஏழு நாட்கள் எப்படிப் போயின என்று 10 கேள்விகள். கடைசிக் கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதை நீங்கள் இன்றே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. வந்ததென்று சொன்னால் தனியாக விடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். தைராய்டு, ரத்தசோகைக்கும் பரிசோதிப்பார்கள்.

லேசாக இருந்தால் கவுன்சலிங்கே போதும். மாத்திரை தேவைப்பட்டாலும் பெரும்பாலும் பாலை நிறுத்த வேண்டியதில்லை. செர்ட்ராலின் போன்ற மருந்து பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், அதற்குள் நிறுத்திவிடக் கூடாது.

வீட்டில் முதல் மருந்து தூக்கம். ராத்திரி பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை நீங்கள் வேறு அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். அடுத்த வேளைக்குப் பீய்ச்சி வைத்த பாலைப் பாலாடையில் புகட்டுங்கள். நாலைந்து மணி நேரம் அவள் ஒரே மூச்சாகத் தூங்கட்டும். தாயத்து இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பத்தியம் என்று தண்ணீரையும் சாப்பாட்டையும் குறைக்காதீர்கள்.

தூக்கமே வேண்டாம் என்பதுபோல் இருந்தாலோ, காதில் குரல் கேட்கிறது, குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்று சொன்னாலோ, அன்றே ஆஸ்பத்திரி போக வேண்டும். ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கே அப்படி ஆகும். சேர்க்க நேர்ந்தாலும், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். நடு ராத்திரியில் யோசனை தேவைப்பட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பேரனுக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போடும் நேரம் இது. அதை அரசு மருத்துவமனையிலேயே போட்டுக்கொண்டு, அப்படியே மனநலப் பிரிவுக்கும் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். மருமகனும் கூட வரட்டும், டாக்டர் சொல்வதை அவரே நேரில் கேட்டால் சம்பந்தி வீட்டில் அவரே பேசிக்கொள்வார்.