கேள்வி-பதில்: கர்த்தரிடம் கோபப்படுவது பாவமா?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டதால் வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குச் செல்கிறார். இரவு வேலை பார்க்க முடியாமல் போனதால் வேலையும் போய்விட்டது. திருமணமான நாள்முதல் 23 ஆண்டுகளாக நாங்கள் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுப்பது, தவறியதில்லை. குடும்ப ஜெபமும் நின்றதில்லை. ஜெபிக்க வரும் சகோதரிகள், “சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது, ஸ்தோத்திரம் சொல்லுங்கள்” என்கிறார்கள். அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது என்றார் ஒருவர். மருத்துவச் செலவுக்கு உதவி கேட்டு விண்ணப்பிப்பதே அவிசுவாசம் என்றார் இன்னொருவர். டயாலிசிஸ் நிலையத்துக்கு வெளியே நான்கு மணி நேரம் வேதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். திறக்க மனம் வரவில்லை. கர்த்தர் நல்லவர் என்று நான் இன்னும் நம்ப வேண்டுமா? அவரிடம் கோபப்படுவது பாவமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: சகோதரி, பாவத்தைத் தேடச் சொன்னவருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும்விட அந்தச் சொல்தான் உங்களை அதிகம் புண்படுத்தியிருக்கிறது. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் இதையேதான் கேட்டார்கள்: இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா? இரண்டும் இல்லை என்று இயேசு சொன்ன பதில் யோவான் 9:3இல் எவரும் வாசிக்கும்படி இருக்கிறது. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து இறந்துபோன 18 பேரைப் பற்றிப் பேசும்போதும், எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொல்லி, கேட்டுக்கொண்டிருந்தவர்களைத்தான் மனந்திரும்பச் சொன்னார். நோயாளியின் வீட்டுக்குள் வந்து அவருடைய பாவத்தைத் துருவுகிறவர், ஆண்டவர் தள்ளிவிட்ட கேள்வியை ஆண்டவரின் பெயராலேயே மறுபடியும் கேட்கிறார். அவர் நல்லெண்ணத்தோடு வந்திருக்கலாம். ஆனாலும் அவர் சொன்னது தவறு. அதை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

இனி, அந்தச் சகோதரிகள் சொல்லும் வசனம், ரோமர் 8:28. நம் சபைகளில் இந்த ஒரு வசனத்தைப்போல் அடிக்கடி எடுக்கப்படும் வசனமும் இல்லை, இதைப்போல் பாதியில் வெட்டப்படும் வசனமும் இல்லை. சகலமும் நன்மை என்று பவுல் எழுதவில்லை. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று எழுதினார். சிறுநீரகம் கெட்டுப்போவது கேடுதான், வேலை போவது இழப்புதான். அவற்றை நன்மை என்று பெயர் மாற்றி அழைக்கும்படி அந்த வசனம் யாரையும் கேட்கவில்லை. ஆறு வசனங்களுக்கு முன்னால் சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்கிறார். இரண்டே வசனங்களுக்கு முன்னால், நாம் இன்னதென்று வேண்டிக்கொள்ள அறியாத வேளையில் ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்கிறார். அந்தப் பெருமூச்சைத் தாண்டித்தான் 28ஆம் வசனத்துக்கு வர முடியும். அங்கே சொல்லப்படும் நன்மை என்னவென்று கேட்டால், 29ஆம் வசனம் குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவதைக் காட்டுகிறதே தவிர, போன வேலை திரும்ப வருவதையோ நோய் விலகுவதையோ பேசவில்லை. அவையும் வரலாம், வரவேண்டும் என்றே நாங்களும் ஜெபிக்கிறோம். ஆனால் அந்த வசனத்தைக் காட்டி அவற்றுக்கு உத்தரவாதம் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, உங்கள் வீட்டுக்கு வரும் சகோதரிகளுக்கும் இல்லை.

உங்களிடமும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வருத்தப்படமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். 23 ஆண்டு தசமபாகத்தை நீங்கள் குறிப்பிட்ட இடத்தில் என் கண் நின்றது. அந்த வரிக்குள் ஒரு கணக்கு இருக்கிறது: நாங்கள் எங்கள் பங்கைச் செலுத்தினோம், அவர் தம்முடைய பங்கைச் செலுத்தவில்லை. இந்தக் கணக்கை நீங்களாக உண்டாக்கவில்லை. கொடுத்தால் பெருகும் என்று மேடைகளில் சொல்லிச் சொல்லியே நமக்குப் பழக்கிவிட்டார்கள், அதில் எங்களைப் போல் எழுதுகிறவர்களுக்கும் பங்குண்டு. ஆனால் கூலி வராததால் முதலாளி கெட்டவர் என்று முடிவுகட்டுவதும், கூலி வந்ததால் முதலாளி நல்லவர் என்று முடிவுகட்டுவதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்தானே? உடைமை, பிள்ளைகள், உடல்நலம் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் புத்தகத்தில், முதல் அதிகாரத்திலேயே, யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான் என்று கேட்கிறவன் சாத்தான். பலன் இல்லாவிட்டால் அன்பும் இருக்காது என்பது அவனுடைய வாதம். பலன் நின்றுபோன பிறகும் மடியில் வேதப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, சகோதரி, அந்த வாதம் அங்கேயே பொய்யாகிவிட்டது. நீங்கள் அதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜப்பானிய ஆட்சியில், 1943 செப்டம்பர் இறுதியில், ஆஸ்திரேலியாவிலிருந்து இரகசியமாக வந்த ஒரு சிறு குழு நம் துறைமுகத்தில் கப்பல்களைத் தகர்த்தது. சாங்கியில் அடைபட்டிருந்த கைதிகள்தாம் தகவல் கொடுத்திருப்பார்கள் என்று சந்தேகித்த கெம்பெய்த்தாய் ராணுவப் போலிசார், அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கி 57 பேரைக் கொண்டுபோனார்கள். அந்தச் செயலில் இவர்களுக்குப் பங்கே இல்லை. அவர்களில் ஒருவர் ஆங்கிலிக்கன் பேராயர் லெனர்ட் வில்சன். ஆர்ச்சர்ட் ரோட்டில் அப்போதிருந்த ஒய்எம்சிஏ கட்டடம்தான் விசாரணைக்கூடம். இன்று டோபி காட் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது அந்த இடம். அடித்துக்கொண்டே, உன் தேவன் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை என்று கேட்டவர்களிடம், அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறார், வலியிலிருந்து விடுவித்து அல்ல, அதைத் தாங்கும் ஆவியைத் தந்து காப்பாற்றுகிறார் என்று பதில் சொன்னதாகப் பேராயரே பின்னாளில் பேசியிருக்கிறார். போருக்குப் பிறகு, தம்மைச் சித்திரவதை செய்தவர்களில் ஒருவருக்கு அவரே திடப்படுத்தல் அளித்து, சபையின் முழு அங்கத்தினராக ஏற்றுக்கொண்டார்.

அவரைப் போல் நீங்களும் உறுதியாக இருங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த 57 பேரில் 15 பேர் இறந்துபோனார்கள். அவர்களுடைய வீட்டாரிடம் பேராயரின் சாட்சியைச் சொல்லிவிட்டு எழுந்துவர யாருக்கும் மனம் வராது. அவருடைய பதிலில் எனக்குப் பட்டது வேறு. தேவன் நல்லவர் என்பதற்கு ஆதாரமாக அவர் தம்முடைய நிலைமையைக் காட்டவே இல்லை. காட்டுவதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை. சிலுவையில், என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கதறியவரை அவர் நம்பினார். கிறிஸ்தவ விசுவாசத்தில் தேவனுடைய நற்குணத்துக்கு வேறு பெரிய ஆதாரம் என்னிடமும் இல்லை. தூரத்தில் இருந்துகொண்டு நம் துன்பத்தை அளந்து அனுப்புகிறவரை நம்ப என்னாலும் முடியாது. தாமே அதற்குள் இறங்கி வந்தவர் என்பதால்தான் நம்புகிறேன்.

கோபம் பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதிகாரம் அதிகாரமாகத் தேவனோடு வழக்காடிய யோபுவைக் குறித்தே, என் தாசன் பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தர் யோபுவின் நண்பன் எலிப்பாசிடம் சொன்னார். தேவனுக்கு வக்காலத்து வாங்கிய மூன்று நண்பர்களும்தாம் பலி செலுத்த வேண்டியதாயிற்று. 88ஆம் சங்கீதம் ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமல் முடிகிறது. அதையும் நம் முன்னோர் ஜெபம் என்றே காத்துத் தந்திருக்கிறார்கள். அவரிடமே போய்க் கோபப்படுகிறவர் அவரை விட்டுப் போய்விடவில்லை. ஜெபக்கூட்டத்தில் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, வீட்டில் மௌனமாகிவிடுவதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

உதவி விண்ணப்பத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மருத்துவமனையில் இருக்கும் மருத்துவச் சமூக சேவையாளரை இந்த வாரமே பாருங்கள். மெடிஃபண்ட் என்னும் அரசாங்க மருத்துவ உதவி நிதி போன்ற உதவிகளுக்கு வழி அவர் மூலமாகத்தான். போதும் கர்த்தாவே என்று சூரைச்செடியின்கீழ்ப் படுத்துவிட்ட தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை; தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்து எழுப்பினான், தூங்கவிட்டு மறுபடியும் எழுப்பி உண்ணச் சொன்னான். அந்த அடையை வாங்கித் தின்றது அவிசுவாசம் என்று யாரும் இதுவரை எழுதவில்லை.

உங்கள் வீட்டுக்கு வரும் சகோதரிகள் இந்தப் பக்கத்தை வாசிப்பார்களானால், அவர்களுக்கும் ஒன்று. என் தாயார் அங் மோ கியோ வீட்டில் படுக்கையில் இருந்த மாதங்களில், சபையிலிருந்து ஒரு விதவைத் தாயார் வியாழக்கிழமைதோறும் வருவார். மழை இருட்டினால் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழிகளில் காயும் துணிகளை அவரே உள்ளே இழுத்து, ஒவ்வொன்றாக மடித்து வைப்பார். மிளகு ரசம் வைப்பார். போகும்போது அம்மாவின் நெற்றியில் கைவைத்து இரண்டு நிமிடம் கண்மூடி நிற்பார். ஒரு வசனமும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாள் தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். டயாலிசிஸ் நிலையத்து நாற்காலியில் இந்தச் சகோதரியின் பக்கத்தில் நான்கு மணி நேரம் உட்கார உங்களில் யாருக்கு முடியும்?

சகோதரி, திறக்க மனம் வருகிற நாளில் 13ஆம் சங்கீதத்தைத் திறங்கள். ஆறே வசனங்கள். முதல் இரண்டு வசனங்களில் தாவீது நான்கு முறை ‘எதுவரைக்கும்’ என்று கேட்கிறார். கர்த்தர் எனக்கு நன்மை செய்தபடியால் அவரைப் பாடுவேன் என்பது கடைசி வசனம். அதுவரை போக முடியாவிட்டால் இரண்டாம் வசனத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மீதி நான்கையும் உங்களுக்காக நாங்கள் வாசிக்கிறோம்.