பட்டுத் திருந்தட்டும் என்று விடலாமா?

அன்புள்ள சார்,

குடியை விட்ட உங்கள் நண்பரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதலபாதாளத்தைத் தொட்ட பிறகுதான் தன்னால் மேலே ஏற முடிந்தது என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். என் அண்ணனுக்கு 41 வயது. வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். போன வருடம் வேலை போனது. தை மாதம் அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். காலையில் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தால்தான் அண்ணனுக்குச் சிந்தாமல் குடிக்க வருகிறது. கடை திறக்கும் வரை திண்ணையில் பேப்பர் படிப்பார், நன்றாகத்தான் பேசுவார். பெரியப்பா, "யாரும் கண்டுக்காதீங்க, பட்டாத்தான் திருந்துவான்" என்கிறார். அம்மா, ரூமில் போட்டுப் பூட்டிவிடலாம் என்கிறார். இன்னும் எவ்வளவு கீழே போகவேண்டும் சார்?

(பெயரும் ஊரும் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. பூட்டிவைக்க வேண்டாம். காலையில் கை அப்படி நடுங்குகிறது என்றால் உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது என்று பொருள். திடீரென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அப்புறம் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது, ஆள் யாரென்று புரியாமல் போவது, காய்ச்சல். உயிரே போனவர்கள் உண்டு. மருந்து கொடுத்து, கூடவே வைட்டமின் பி1 ஏற்றி, சில நாளில் பத்திரமாக இறக்கிவிட டாக்டர்களால் முடியும். சபரிமலைக்கு மாலை போட்ட அன்றே நிறுத்துகிறவர்களிலும் சிலருக்கு இந்த ஆபத்து இருக்கிறது, யாரும் சொல்வதில்லை.

இனி பெரியப்பா சொல்வது. என் தாய்மாமாவைப் பற்றி எங்கள் வீட்டிலும் இதையேதான் சொன்னார்கள். லைசென்ஸ் போனபோது, "இதுக்கு மேல என்ன இருக்கு, இனி திருந்திருவான்" என்றார் பாட்டி. கிணற்றடி நிலம் போனபோதும் அதே வார்த்தை, அத்தை பிரிந்துபோனபோதும் அதே வார்த்தை. ஒவ்வொரு முறையும் தரை என்று நாங்கள் நினைத்தது கீழே இருந்த இன்னொரு மாடியின் கூரையாக இருந்தது. 46 வயதில் ரத்த வாந்தி எடுத்துப் போய்ச்சேர்ந்தார். அவர் கடைசியாகத் தொட்டதும் அதலபாதாளம்தான். அதைப் பற்றிப் பேச அவர் இல்லை, அவ்வளவுதான்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் சுவாரசியமான ஒன்று கிடைக்கிறது. அமெரிக்காவில் ஜெல்லினெக் என்ற ஆய்வாளர் 1946இல் குடிநோயின் படிநிலைகளை எழுதினார். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற சங்கத்தின் இதழ் வழியே விநியோகித்த கேள்வித்தாளுக்கு வந்த பதில்களில் 98 ஆண்களுடையதுதான் அவருக்கு ஆதாரம். பெண்களின் பதில்களை ஒதுக்கிவிட்டார். பின்னால் 1958இல் கிளாட் என்ற மருத்துவர் இதை நம் 'ப' எழுத்துப் போன்ற படமாக்கினார்: சரிவு, அடி, ஏற்றம். பல சிகிச்சை மையங்களின் சுவரில் அந்தப் படம் தொங்குகிறது. ஆனால் அந்த 98 பேரும் பிழைத்து வந்து சங்கத்தில் சேர்ந்தவர்கள். என் மாமா மாதிரி ஆட்கள் கேள்வித்தாளை நிரப்பவில்லையே.

அந்தச் சங்கமே இதைக் கண்டுகொண்டது. 1935இல் தொடங்கிய காலத்தில் எல்லாம் இழந்தவர்கள்தான் அங்கே நிலைத்தார்கள். வேலையும் குடும்பமும் காரும் இருந்தவர்கள் பிறகு வரத் தொடங்கியபோது, அந்த அடியையே மேலே உயர்த்த முடியும், எல்லாம் போகும்வரை காத்திருக்க வேண்டாம் என்று 1953இல் வந்த தங்கள் நூலில் எழுதினார்கள்.

என் நண்பர் விஷயத்தில் நான் சரியாக எழுதவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் தோன்றியது. அச்சகத்தில் இரண்டு விரல் போனது, மஞ்சள் காமாலை வந்தது, அப்போதெல்லாம் அவர் நிறுத்தவில்லை. நிறுத்திய நாளில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது கை நடுக்கத்தில் சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. எழுபது வயது அம்மா வந்து, ஒன்றும் பேசாமல், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். நண்பர் பாதாளம் என்றது அதைத்தான். நான் எழுதாமல் விட்டது இன்னொன்று. அதே தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், பதினோரு வருடமாகக் குடிக்காதவர், "எப்போ தோணுதோ வாப்பா, நடு ராத்திரின்னாலும் சரி" என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். நண்பர் கல்யாணத்துக்குப் போகவில்லை, அந்தக் கடைக்குப் போனார். கடை பூட்டியிருந்தால் பித்தான் கதை வெறும் அழுகையோடு முடிந்திருக்கும்.

அதற்காக அண்ணனின் கடனை அடைக்கச் சொல்லவில்லை. குடிக்கக் காசு கொடுக்காதீர்கள், அவருக்காக யாரிடமும் பொய் சொல்லாதீர்கள். அவர் செய்ததன் விளைவு அவரிடமே போகட்டும். ஆனால் ரோட்டில் விழுந்துகிடந்தால் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

நியூ மெக்சிகோவில் சிகிச்சைக்கு வர மறுத்த குடிநோயாளிகளின் குடும்பத்தார் 130 பேரை வைத்து நடந்த ஆய்வு 1999இல் வெளியானது. குடிக்காத நேரத்தில் அன்பாக இருப்பது, குடித்தால் ஒதுங்கிக்கொள்வது, சரியான தருணத்தில் சிகிச்சைக்கு அழைப்பது என்று பயிற்சி கொடுக்கப்பட்ட குடும்பங்களில் 64 சதவீதம் பேர் குடிப்பவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் கூடி நேருக்கு நேர் பேசும் முறையில் 30. விலகி நின்று தன்னைப் பார்த்துக்கொள்ளும் வழியில் 13. (அந்த வழியின் நோக்கம் குடும்பத்தாரின் நிம்மதி. அதுவும் உங்களுக்குத் தேவைதான்.)

குடித்திருப்பவனிடம் நியாயம் பேசுவது நீருக்குள் முங்கியவனை விளக்கு வைத்துத் தேடுவது போல என்றார் வள்ளுவர். அதனால் டாஸ்மாக் திறக்கும் பன்னிரண்டு மணிக்கு முன்னால், அந்தப் பேப்பர் படிக்கும் நேரம்தான் உங்களுக்கு வாய்ப்பு. அண்ணனைக் குறை சொல்லாமல், டம்ளரைப் பற்றி மட்டும் பேசுங்கள்: "கை நடுங்குதேண்ணா, டாக்டர்கிட்ட காட்டலாமா?" சரி என்றால் அன்றே கிளம்ப வேண்டும், நாளைக்கு என்றால் மனம் மாறிவிடும். அதனால் பக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு எந்த நாளில், எத்தனை மணி வரை பார்க்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் 14446 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். பெரியப்பாவையும் அன்று கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு அண்ணன் மேல் பாசம் இருப்பதால்தான் கோபம், வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள ஓர் ஆள் வேண்டுமே.

போய்வந்து எழுதுங்கள்.