ரெக்வயர்மென்ட் ரிவ்யூ எல்லாம் வெறும் சடங்குதானே? முறையாக இன்ஸ்பெக்‌ஷன் நடத்தினால் பலன் உண்டா?

உங்கள் ஆபீஸில் என்ன நடக்கிறது என்று ஊகிக்க முடிகிறது. சாஃப்ட்வேர் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதின ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட் முந்தின நாள் ராத்திரி மெயிலில் வரும். மறுநாள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்க, எழுதின பிசினஸ் அனலிஸ்ட்டே ஸ்கிரீனில் பக்கம் பக்கமாக ஓட்டுவார். "எல்லாருக்கும் ஓகேவா?" என்பார். பாதிப் பேர் லேப்டாப்பில் வேறு வேலை பார்ப்பார்கள். சாயங்காலத்துக்குள் ஒப்புதல் போய்விடும். இதைத்தான் ரிவ்யூ என்கிறீர்கள் என்றால், ஆமாம், சடங்கேதான்.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். "ரெக்வயர்மென்ட் மீட்டிங்கில் டெஸ்டருக்கு என்ன வேலை?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருப்பதால்தான் இந்தப் பதிலே.

இன்ஸ்பெக்‌ஷன் வேறு ரகம். 1976-ல் ஐபிஎம்மின் மைக்கேல் ஃபேகன் சாஃப்ட்வேர் டிசைனுக்கும் புரோகிராம் கோடுக்கும் என்று எழுதிவைத்த முறை; பிற்பாடு ரெக்வயர்மென்ட்டுக்கும் எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் தனியாகப் படித்துவிட்டுத்தான் வர வேண்டும். கூட்டம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பிழையைக் குறிப்பதோடு சரி, தீர்வு பேச ஆரம்பித்தால் மாடரேட்டர் வெட்டிவிடுவார். இதில் பலரும் விட்டுவிடுகிற விஷயம் ஒன்று உண்டு: எழுதினவர் வாசிக்கக் கூடாது. வேறொருவர் ஒவ்வொரு பகுதியையும் தனக்குப் புரிந்தபடி சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். அவர் சொல்வதும் எழுதினவர் நினைத்ததும் எங்கே பிரிகிறதோ, அங்கே பிழை இருக்கிறது.

ஒரு நகைக்கடன் நிறுவனத்துக்காக வேலை செய்தபோது அப்படி வாசிக்கிற பொறுப்பு எனக்கு வந்தது. டாக்குமென்ட்டில் இப்படி ஒரு வரி: பகுதித் தொகை கட்டும் வாடிக்கையாளர், மீதி நகைகளின் மதிப்பு மீதிக் கடனுக்குப் போதுமானதாக இருந்தால், ஒரு நகையை மட்டும் மீட்டுக்கொள்ளலாம். படிக்க அழகாகத்தான் இருந்தது. நான் சொன்னேன்: "அதாவது இன்றைய விலையில் மீதி நகைக்கு மதிப்புப் போட்டு, கடன் அதில் 75 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பார்க்கிறோம்." (75 என்பது அப்போது ரிசர்வ் வங்கி வைத்திருந்த உச்சவரம்பு.) அனலிஸ்ட் உடனே, "இல்லையே, அடகு வைத்த நாள் மதிப்புதானே?" என்றார். டெவலப்மென்ட் லீட் இந்த இரண்டையுமே நினைக்கவில்லை. கட்டின பணத்தின் விகிதப்படி நகையை விட்டுவிடலாம் என்று கணக்கு வைத்திருந்தார். ஒரே வரிக்கு மூன்று சாஃப்ட்வேர்.

அதுகூடப் பரவாயில்லை. கிளையிலிருந்து வந்திருந்த நகை மதிப்பீட்டாளர் அதுவரை பேசவே இல்லை. அவர் கேட்டார்: "எந்த விலையா வேணா இருக்கட்டும் சார். கல்லு, அரக்கு எல்லாம் கழிச்சு நிகர எடையை மொத்தமாத்தானே சீட்டுல போடுறோம்? ஆரத்துக்கு மட்டும் எவ்வளவுன்னு எங்க இருக்கு?"

எங்கேயும் இல்லை. பழைய சீட்டை அப்படியே பார்த்து ஸ்கிரீனை வரைந்திருந்தார்கள். ஒரு நகையைக் கையில் கொடுத்துவிட்டால் பெட்டியில் மீதி எத்தனை கிராம் தங்கம் என்று சிஸ்டத்துக்குத் தெரிய வழியே கிடையாது. டேட்டாபேஸ், அடகு போடும் ஸ்கிரீன், அச்சாகும் சீட்டு எல்லாம் மாற வேண்டியிருந்தது. கோடிங் ஆரம்பிக்கவில்லை என்பதால் டாக்குமென்ட்டோடு போயிற்று.

அவரைக் கூப்பிடவே நான் சண்டை போட வேண்டியிருந்தது. "கிளை ஆளுக்கு இந்த டாக்குமென்ட் புரியுமா?" என்றார்கள். புரிந்தவர்கள் மட்டும் கூடி என்ன கிழித்தார்கள்? 1996-ல் ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் சுமார் 40 விநாடியில் சிதறியதே, அதன் விசாரணை அறிக்கையைப் பாருங்கள். ஏரியான் 4-லிருந்து எடுத்த வழிகாட்டும் கருவியின் ரெக்வயர்மென்ட்டில் புது ராக்கெட்டின் பறக்கும் பாதை விவரமே இல்லை. வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவர்கள் சேர்ந்தே முடிவெடுத்திருந்தார்கள். அத்தனை பேரும் நிபுணர்கள்.

சண்டை என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தக் கூட்டத்துக்கு ரூம் பிடிப்பதே பெரும்பாடு. வேலையை விட்டுப் போனவர் பெயரில் வாராவாரம் புக் ஆகிக்கொண்டே இருக்கும், உள்ளே பார்த்தால் ஈ காக்கா இருக்காது. அட்மினில் கேட்டால், "புக் பண்ணினவர்தான் கேன்சல் பண்ணணும்" என்பார்கள். கடைசியில் கேன்டீன் மூலையில் நடத்தினோம்.

சரி, "இதெல்லாம் வாட்டர்ஃபால் காலத்துக் கதை, நாங்கள் அஜைல்" என்று சிலர் கிளம்புவார்கள். (எல்லாவற்றையும் முதலிலேயே எழுதி முடித்துவிட்டுக் கட்டுவது வாட்டர்ஃபால்; கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டித் திருத்திக்கொண்டே போவது அஜைல்.) எல்லா யூசர் ஸ்டோரிக்கும் (பயனருக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் சின்னக் குறிப்பு) இதைச் செய் என்று நான் சொல்லவே இல்லை. பட்டன் நிறத்துக்கு யாரும் இன்ஸ்பெக்‌ஷன் வைக்க வேண்டாம். வட்டி, அடமானம், மருந்து அளவு என்று தப்பானால் ஆளுக்கு அடி விழுகிற இடங்களுக்கு வையுங்கள். கூட்டமே தேவையில்லை என்றும் சிலர் சொல்வார்கள். சாஃப்ட்வேர் ஆய்வாளர் லாரன்ஸ் வோட்டா 1993-லேயே அந்தக் கேள்வியை எழுப்பி, தனியாகப் படிக்கும்போதே பெரும்பாலான பிழைகள் சிக்கிவிடுகின்றன, கூட்டத்தில் புதிதாகக் கிடைப்பது கொஞ்சம்தான் என்று எழுதினார். மறுக்கவில்லை. ஆனால் எங்கள் மதிப்பீட்டாளர் அந்தத் தடிமனான டாக்குமென்ட்டைத் தனியாக உட்கார்ந்து படித்திருக்கவே மாட்டார். நான் சொல்லக் கேட்டதால்தான் பிடித்தார்.

உங்களுக்குச் சொல்ல ஒன்று பாக்கி. மேனேஜரை அழைக்காதீர்கள். யார் எழுதியதில் எத்தனை பிழை என்ற எண்ணிக்கை வருஷாந்திர ரேட்டிங்கில் ஏறிவிட்டால் அடுத்த முறை ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். வந்தே தீருவேன் என்று அடம்பிடித்தால், குறிப்புகளை மெயிலில் அனுப்புகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். என் மேனேஜர் ஒப்புக்கொண்டார். அந்த மெயிலை அவர் திறந்ததாகத் தெரியவில்லை.