மாதச் சந்தா இல்லாத ஆன்லைன் விளையாட்டுக்காகத் தவணையில் லேப்டாப் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. கடலூர் செம்மண்டலத்தில் பெற்றோருடன் வசிக்கிறேன். சிப்காட்டில் ஒரு தனியார் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பிடித்தம் போக மாதம் 29,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக்கு 12,000, பைக் கடன் தவணை 3,400 (இன்னும் பத்து மாதம் பாக்கி இருக்கிறது), பெட்ரோல், சாப்பாடு, போன் என என் சொந்தச் செலவு 7,000, அஞ்சலக ஆர்டி 3,000 ஆகியவை போக 3,600 ரூபாய் மிஞ்சும். சேமிப்புக் கணக்கில் 40,000 ரூபாய் இருக்கிறது. புதுச்சேரியில் என்னுடன் படித்த நண்பர்கள் மூவர் இப்போது சென்னை, கோவை, பெங்களூரு என்று பிரிந்திருக்கிறார்கள். அவர்கள் இரவில் ஒன்றுசேர்ந்து ‘கில்ட் வார்ஸ் 2’ என்ற ஆன்லைன் மாயாஜால விளையாட்டை விளையாடுகிறார்கள்; மாதச் சந்தா கிடையாது என்பதால் என்னையும் சேரச் சொல்கிறார்கள். வீட்டில் இருப்பது ஆறு வருடப் பழைய டெஸ்க்டாப். அதனால் 65,000 ரூபாய் மதிப்புள்ள கேமிங் லேப்டாப்பை 18 மாத ‘நோ காஸ்ட்’ இஎம்ஐயில் வாங்க நினைக்கிறேன். காசும் தூக்கமும் சேர்ந்து போகும் என்கிறார் அப்பா. விளையாட்டில் சேரும் தங்கத்தை வெளியே விற்றுக் காசாக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். இதில் பணம் போடுவது தகுமா? சட்டத்தில் தடை ஏதும் உண்டா?

பதில்: விளையாட்டைத் தாராளமாகத் தொடங்குங்கள், லேப்டாப்பை இப்போது வாங்காதீர்கள். இரண்டையும் ஒரே முடிவாகச் சேர்த்து யோசித்ததால்தான் உங்களுக்கும் அப்பாவுக்கும் கருத்து வேறுபாடு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். விளையாட்டின் செலவு சிறியது, உங்கள் கட்டுப்பாட்டில் நிற்கக்கூடியது; லேப்டாப்பின் செலவு பெரியது, ஒன்றரை வருடம் உங்களைக் கட்டிப்போடக்கூடியது.

முதலில் விளையாட்டின் கணக்கைப் பார்ப்போம். கில்ட் வார்ஸ் 2 ஆகஸ்ட் 2012-இல் வெளிவந்தபோது ஒரு முறை விலை கொடுத்து வாங்கினால் போதும் என்ற முறையில் வந்தது. 2015-ஆம் ஆண்டு முதல் அதன் அடிப்படைப் பகுதியை யார் வேண்டுமானாலும் பணம் கொடுக்காமலே ஆடலாம் என்றாகிவிட்டது. அதற்குப் பின் வந்த எக்ஸ்பான்ஷன்களுக்கு, அதாவது விளையாட்டோடு சேர்க்கும் புதிய பகுதிகளுக்கு மட்டும்தான் விலை. அண்மைக்கால எக்ஸ்பான்ஷன் ஒன்று சுமார் 25 டாலருக்கு வெளியிடப்படுகிறது. நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். இதே வகையில் மாதச் சந்தா கேட்கும் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டுக்கு அமெரிக்காவில் மாதம் 14.99 டாலர், அதாவது வருடத்துக்கு ஏறத்தாழ 180 டாலர். அது பதினைந்தாயிரம் ரூபாயைத் தாண்டும், அதிலும் எக்ஸ்பான்ஷன்களுக்குத் தனி விலை உண்டு. இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, ஓய்வு நேரம் சீராகக் கிடைக்காத ஷிப்ட் தொழிலாளி ஒருவருக்குச் சந்தா இல்லாத முறையே பொருத்தமானது. சந்தா கட்டிவிட்டு, இரவு ஷிப்ட் விழுந்த இரண்டு வாரம் விளையாடாமல் போனாலும் அந்தப் பணம் திரும்பி வராது.

இந்த விளையாட்டில் இன்னொரு நல்ல அம்சம் இருக்கிறது. பண விஷயத்தில் இதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். இதில் ஒரு பாத்திரம் எட்டக்கூடிய உயர்ந்தபட்ச லெவல் 80. வெளிவந்த நாள் முதல் இத்தனை எக்ஸ்பான்ஷன்கள் வந்த பிறகும் அந்த வரம்பை அவர்கள் உயர்த்தவில்லை. பல ஆன்லைன் விளையாட்டுகளில் ஒவ்வொரு புதிய பகுதி வரும்போதும் லெவல் வரம்பு உயர்ந்து, நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த கவசமும் வாளும் பயனற்றுப் போய்விடும். பின்தங்கிவிடுவோமே என்ற பதற்றத்தில்தான் பலர் தொடர்ந்து செலவழிக்கிறார்கள். இங்கே ஆறு மாதம் விட்டுவிட்டு வந்தாலும் உங்கள் பொருள்கள் பெரும்பாலும் அப்படியே பயன்படும். எனவே கையில் பணம் இல்லாத ஆண்டில் எக்ஸ்பான்ஷன் வாங்காமல் இருப்பதால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு தள்ளுபடியில் வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? விளையாட்டுக்குள் இருக்கும் ஜெம் கடையில் இருக்கிறது. விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் நாணயமான ஜெம்மை, 800 ஜெம் 10 டாலர் என்ற கணக்கில் விற்கிறார்கள். உடைகள், வாகனங்களின் தோற்றத்தை மாற்றும் ஸ்கின்கள், கூடுதல் பை, கூடுதல் பாத்திரத்துக்கான இடம் என அங்கே பலவும் கிடைக்கும். ஆடுவதற்குத் தேவையான வலிமையை அங்கே விற்பதில்லை. அலங்காரமும் வசதியும்தான் விலைக்கு வருகின்றன. விளையாட்டில் ஈட்டிய தங்கத்தைக் கொடுத்தும் ஜெம் பெறலாம் என்பது நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் பூட்டிய பெட்டியைத் திறக்கும் சாவிகளும் அங்கே உண்டு. உள்ளே என்ன வரும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அந்தச் சாவிகளை ஒருபோதும் பணம் கொடுத்து வாங்காதீர்கள். சம்பளம் வந்த இரவில், நண்பர்களின் குரல் காதில் கேட்டுக்கொண்டிருக்கும்போது, 800 ரூபாய் 900 ரூபாய் என்று நான்கைந்து முறை போவது அப்போது தெரியாது. மாதக் கடைசியில் வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கும்போதுதான் தெரியும்.

சந்தா முறையில் செலவுக்கு ஒரு வரம்பு தானாகவே அமைந்துவிடுகிறது. இந்தியாவில் வழங்கப்பட்ட கார்டிலிருந்து மாதந்தோறும் தானாகப் பிடிக்கப்படும் தொகைக்கு, பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி அறிவிப்பு அனுப்ப வேண்டும், வேண்டாமென்றால் நிறுத்தும் வழியும் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஜெம் வாங்குவது ஒவ்வொரு முறையும் தனித்தனி வாங்கல் என்பதால் அப்படிப்பட்ட முன்னறிவிப்பு எதுவும் வராது. ஆகவே வரம்பை நீங்களேதான் வைத்துக்கொள்ள வேண்டும். மாதம் 300 ரூபாய், வருடத்துக்கு 3,600 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஓர் எக்ஸ்பான்ஷனும் சில்லறை ஆசைகளும் அடங்கும்.

அந்த வரம்பு மனத்தில் மட்டும் இருந்தால் நிற்காது, பணம் போகும் வழியிலேயே அதை வைக்க வேண்டும். கணினி விளையாட்டுகளை விற்கும் ‘ஸ்டீம்’ என்ற தளத்தின் வழியாக விளையாடினால் விலை ரூபாயில் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 900 ரூபாயை ஸ்டீம் வாலட்டில் ஏற்றிவிட்டு, அது தீர்ந்தால் அடுத்த காலாண்டு வரை நிறுத்திக்கொள்ளலாம். விளையாட்டு நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக வாங்கினால் டாலரில் கட்ட வேண்டியிருக்கும். பல வங்கிகள் அதற்கு 2 முதல் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணமும், அதன்மேல் ஜிஎஸ்டியும் சேர்ப்பார்கள். கார்டைத்தான் பயன்படுத்துவீர்கள் என்றால், வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனையை வங்கி ஆப்பிலேயே நிறுத்திவைக்கவும் அதற்கு உச்சவரம்பு வைக்கவும் வசதி இருக்கிறது. வாங்கும் நாளில் திறந்து, அன்றே மூடிவிடுங்கள். கார்டு எண்ணைத் தளத்தில் சேமித்து வைக்க வேண்டாம். இதில் முக்கியமான ஒன்று: ஸ்டீமில் தொடங்கிய கணக்கையும் நிறுவனத்தின் தளத்தில் தொடங்கிய கணக்கையும் பின்னால் இணைக்க முடியாது. எந்த வழி என்பதைப் பாத்திரத்தை உருவாக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் நிலையில் நான் ஸ்டீமையே பரிந்துரைப்பேன்.

இனி லேப்டாப். 65,000 ரூபாயைப் பதினெட்டால் வகுத்தால் மாதம் 3,611 ரூபாய். உங்களிடம் மிஞ்சுவது 3,600. இந்த ஒரு தவணை உங்கள் உபரி முழுவதையும் எடுத்துக்கொண்டு, பதினோரு ரூபாய் கடனும் வைக்கும். இதில் விளையாட்டுக்கான 300 ரூபாய்க்கே இடமில்லை. ‘நோ காஸ்ட்’ இஎம்ஐயில் வட்டிக்கு ஈடான தொகையை விலையில் குறைத்துக் காட்டினாலும், வங்கி அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை உங்களிடமே வாங்கும். பெரும்பாலும் செயலாக்கக் கட்டணமும் உண்டு. முழுப் பணம் கொடுத்து வாங்குபவருக்குக் கிடைக்கக்கூடிய தள்ளுபடியும் கைவிட்டுப் போகலாம். ஒரு தவணை தவறினால் சிபில் மதிப்பெண் குறையும். அடுத்த சில ஆண்டுகளில் திருமணச் செலவோ வீட்டுக் கடனோ எதிர்ப்படக்கூடிய வயதில் இருக்கும் உங்களுக்கு அது வேண்டாத சுமை.

அவசரகால நிதியையும் பார்க்க வேண்டும். வீட்டுக்குக் கொடுப்பது, பைக் தவணை, சொந்தச் செலவு மூன்றும் சேர்ந்து மாதம் 22,400 ரூபாய். மூன்று மாதத்துக்கு 67,200 தேவை, இருப்பது 40,000. இந்தக் குறையைக் கடலூரில் வசிக்கும் ஒருவர் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டிசம்பர் 2011-இல் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம், 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என நம் பகுதி எத்தனை முறை அடி வாங்கியிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட வாரங்களில் வேலை நிற்கும், வீட்டில் சாமான் கெடும், பைக் தண்ணீரில் மூழ்கும். இஎம்ஐ தேதி மட்டும் தள்ளிப்போகாது.

லேப்டாப் இல்லாமல் எப்படி விளையாடுவது என்று கேட்பீர்கள். இது 2012-ஆம் ஆண்டில் வந்த விளையாட்டு. அதன் தேவைகள் இன்றைய புதிய விளையாட்டுகளின் அளவுக்கு இல்லை. உங்கள் டெஸ்க்டாப்பில் 64-பிட் விண்டோஸும், 8 ஜிபி ரேமும், 70 ஜிபி அளவுக்கு மேல் காலி இடமும் இருந்தால், காட்சித் தரத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு முயன்று பார்க்கத் தடையில்லை. ரேம் போதவில்லை என்றால் இன்னும் ஒன்று சேர்ப்பது, பழைய ஹார்ட் டிஸ்க் மெதுவாக இருந்தால் எஸ்எஸ்டி போடுவது ஆகியவை லேப்டாப் விலையில் சிறு பங்கில் முடியும் வேலைகள். தரவிறக்கத்தைப் போன் டேட்டாவில் செய்ய முயலாதீர்கள். நாளுக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி தரும் பிளானில் அது முடியவே முடியாது. வீட்டில் ஃபைபர் இணைப்பு இல்லையென்றால் அதன் மாதக் கட்டணத்தையும் விளையாட்டின் செலவாகவே எழுதுங்கள். சர்வர்கள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்தான் இருக்கின்றன. நண்பர்கள் எந்தப் பகுதியில் ஆடுகிறார்கள் என்று கேட்டு அதையே தேர்ந்தெடுங்கள். இணையச் சமிக்ஞை அங்கே சென்று திரும்பும் தாமதம் உங்கள் இணைப்பில் பொறுத்துக்கொள்ளும்படி இருக்கிறதா என்று இலவசக் கணக்கிலேயே பாருங்கள். இதையெல்லாம் சோதிக்க ஒரு ரூபாயும் ஆகாது. இலவசக் கணக்கில் வியாபாரத்திலும் பிறருக்குச் செய்தி அனுப்புவதிலும் சில கட்டுப்பாடுகள் உண்டு. பிற்பாடு ஓர் எக்ஸ்பான்ஷனை வாங்கும்போது அவை நீங்கிவிடும்.

மின்சாரச் செலவு சிறியதுதான். ஆனால் அதைக் கட்டுபவர் அப்பா என்பதால் கணக்கில் சேர்க்கிறேன். 200 வாட் இழுக்கும் கணினியை நாளுக்கு மூன்று மணி நேரம் ஓட்டினால், இரண்டு மாத பில்லில் 36 யூனிட் கூடும். நம் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விகிதமும் மாறிவிடும். கோடையில் அறையில் ஏசியும் ஓடினால் அந்த எல்லை வெகு அருகில் வந்துவிடும்.

அப்பா சொல்லும் தூக்கக் கவலை நியாயமானது. இயந்திரங்களுக்கு நடுவே ஷிப்ட் பார்ப்பவருக்குத் தூக்கக் குறைவு சம்பள இழப்பாகவும் விபத்தாகவும் முடியக்கூடும். காலை ஷிப்ட் இருக்கும் வாரங்களில் விளையாட்டே வேண்டாம். அதே சமயம், பிரிந்துபோன நண்பர்களோடு வாரத்தில் சில இரவுகள் சேர்ந்து சிரித்துப் பேசுவதை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு மாதம் 300 ரூபாய் கொடுக்கலாம். ஒரு முறை புதுச்சேரிக்குப் போய்ப் படம் பார்த்துச் சாப்பிட்டுத் திரும்பினாலே அதைவிட அதிகமாகச் செலவாகும்.

தங்கத்தை விற்றுக் காசு பார்க்கும் யோசனையை மறந்துவிடுங்கள். விளையாட்டுக்கு வெளியே தங்கத்தைப் பணத்துக்கு விற்பதும் வாங்குவதும் அந்த நிறுவனத்தின் விதிகளுக்கு எதிரானது, கணக்கையே முடக்கிவிடுவார்கள். முகம் தெரியாதவரிடம் பணம் கேட்டு நிற்பதால் மோசடிக்கும் வழி திறக்கும். சட்டத்தைப் பொறுத்தவரை, ஆகஸ்ட் 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் தடை செய்வது, பணம் கட்டி, பதிலுக்குப் பணமாக வெல்லலாம் என்ற எதிர்பார்ப்போடு ஆடும் விளையாட்டுகளை. பொழுதுபோக்குக்காக நுழைவுக் கட்டணமோ சந்தாவோ வாங்கும் விளையாட்டுகள் அந்தத் தடைக்குள் வராது. நீங்கள் கேட்கும் விளையாட்டு இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

எனவே முதல் மூன்று மாதம் பழைய டெஸ்க்டாப்பில் இலவசக் கணக்கில் மட்டும் ஆடுங்கள். ஒரு ரூபாயும் செலவிடாதீர்கள். ஆர்டியை நிறுத்த வேண்டாம். மிஞ்சும் 3,600 ரூபாயை முழுவதும் அவசர நிதியில் போடுங்கள். மூன்று மாதம் கழித்தும் ஆர்வம் குறையவில்லை என்றால் மாதம் 300 ரூபாயை விளையாட்டுக்கு ஒதுக்கி, 3,300 ரூபாயை நிதியில் சேருங்கள். தொடங்கிய நாளிலிருந்து எட்டு மாதத்தில் 67,200 ரூபாய் சேர்ந்துவிடும். பத்தாவது மாதத்தில் பைக் கடன் முடிந்து 3,400 ரூபாய் விடுபடும். அதன் பிறகு லேப்டாப்புக்கென்று தனியாக மாதம் 6,700 ரூபாய் எடுத்து வைத்தால் மேலும் பத்து மாதத்தில் 65,000 ரூபாய் சேர்ந்து, தவணை ஏதுமின்றிக் கடையில் பேரம் பேசி வாங்கலாம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் காட்டுங்கள்.