ஆறாத கால் புண்: ஆன்டிபயாடிக் எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்?

கேள்வி: பரோட்டா மாஸ்டராக இருக்கிறேன், நாள் முழுக்க நிற்கிற வேலை. கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் ஒன்றரை வருடமாகப் புண். நான்கு விதமான ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் ஆறவில்லை. சீழ் டெஸ்டில் சூடோமோனாஸ் கிருமி இருக்கிறதாம். இன்னும் வீரியமான ஊசி போட்டால் கேட்குமா டாக்டர்?

பதில்: காய்ச்சல் இல்லை, புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவவில்லை, வலி திடீரென்று கூடவில்லை என்றால் ஊசியே வேண்டாம் தம்பி. திறந்து கிடக்கிற எந்தப் புண்ணில் டெஸ்ட் எடுத்தாலும் ஏதாவது ஒரு கிருமி வளரும். மேலே ஒட்டியிருப்பது வேறு, சதைக்குள் புகுந்து தாக்குவது வேறு. ரிப்போர்ட்டைப் பார்த்து மருந்து மாற்றிக்கொண்டே போனால் கிருமிக்கு அது பழகிவிடும், புண் அப்படியே இருக்கும்.

இடத்தையும் வேலையையும் பார்த்தால் வெரிகோஸ் புண் மாதிரித்தான் தெரிகிறது. ரத்தத்தை மேலே ஏற்றும் சிரைகளில் வால்வு பழுதாகி, ரத்தம் காலிலேயே தேங்குகிறது. அதற்கு மருந்து அழுத்தக் கட்டுதான். விரல்களின் அடியில் தொடங்கி முழங்காலுக்குக் கீழ் வரை, குதிகாலையும் சேர்த்துக் கட்ட வேண்டும். நீங்களாகக் கட்டிவிடாதீர்கள். கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்துப் பார்ப்பார்கள், 0.8-க்குக் கீழே வந்தால் தமனியில் அடைப்பு இருக்கலாம், இறுக்கிக் கட்டினால் காலுக்கே ஆபத்து. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் எடுங்கள், சிரையைச் சரிசெய்தால் புண் சீக்கிரம் ஆறும். இத்தனை நாள் ஆறாததால், ஓரத்தில் சிறிது சதை எடுத்து பயாப்ஸி பார்ப்பதும் அவசியம். பழைய புண்ணில் அபூர்வமாகப் புற்றுநோய் வருவதுண்டு.

கேள்வி: அப்பாவின் புண்ணில் தினமும் நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பவுடர் தூவுகிறோம். இப்போது சுற்றிலும் ஒரே அரிப்பு.

பதில்: பவுடரை இன்றே நிறுத்துங்கள். கால் புண்களில் நியோமைசின் அலர்ஜி அடிக்கடி வருவது. சலைன் ஊற்றிக் கழுவி, ஒட்டாத டிரெஸ்ஸிங் போட்டால் போதும்.

கேள்வி: அம்மாவுக்கு 20 வருடமாகச் சர்க்கரை. கட்டைவிரல் கறுத்து நாற்றம் வருகிறது. வலியே இல்லை என்கிறார். காத்திருந்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சர்க்கரையால் உணர்ச்சி நரம்பு மரத்துப் போனதால்தான் வலி தெரியவில்லை. இங்கே ஆன்டிபயாடிக் உடனே வேண்டும், அழுகிய சதையையும் எடுக்க வேண்டியிருக்கும். எலும்பு வரை போயிருந்தால் மருந்து ஆறு வாரம்கூட ஓடும்.

கேள்வி: யானைக்கால் வீக்கம் உள்ள காலில் வருடத்துக்கு மூன்று நான்கு தடவை நெறிகட்டிக் குளிர்காய்ச்சல் வருகிறது, கால் சிவந்துவிடுகிறது. (கும்பகோணம்)

பதில்: கிருமி பெரும்பாலும் விரலிடுக்குச் சேற்றுப்புண் வழியாகத்தான் நுழையும். தினமும் சோப்பு போட்டுக் கழுவி, இடுக்கில் ஈரம் போகத் துடைத்து, பூஞ்சைக்கான களிம்பு போடுங்கள். இத்தனை தடவை வருவதால், குறைந்த அளவு பென்சிலினை நீண்ட நாள் தொடரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பென்சிலின் அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த தடவை சிவந்தால் அதன் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். மருந்து தொடங்கி இரண்டு நாள் கழித்தும் சிவப்பு கோட்டைத் தாண்டிப் போனால் மறுபடி காட்டுங்கள்.