தவளைச் சத்தம் எழுதிய நோட்டும் மூன்றாவது நீட்டும்

போன வாரம் ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பா பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் மேஸ்திரி. அம்மா, மகள், கூடவே தாய்மாமா. மகள் நீட் இரண்டு முறை எழுதிவிட்டாள். இரண்டாம் முறை 310 மதிப்பெண். கோச்சிங்குக்கும் விடுதிக்குமாக மூன்றரை லட்சம் கரைந்திருக்கிறது. இன்னொரு வருஷம் முழுநேரக் கோச்சிங்கில் (லாங் டெர்ம்) போடலாம், இல்லாவிட்டால் இருக்கிற ஒன்றரை ஏக்கரை விற்று வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாம் என்பது மாமாவின் யோசனை.

அம்மா அழுதார். தண்ணீர் கொடுத்தேன். "பத்தொன்பது வயதுதானே, ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை" என்றேன். ஆறுதல் அத்தோடு சரி, அப்புறம் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசினேன். அன்றைக்குச் சொல்லி முடியாததையும் சேர்த்து அந்த அப்பாவுக்கே இதை எழுதுகிறேன். அதே நிலையில் இருக்கிற மற்றவர்களும் படிக்கலாம்.

சார், முதலில் நிலம். அதை விற்காதீர்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தேறினால்தான் டாக்டராகப் பதிய முடியும். அண்மை ஆண்டுகளில் அதை எழுதுகிறவர்களில் பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை. இதற்கு ஒன்றரை ஏக்கரைப் பணயம் வைக்கச் சொல்கிற மாமா, தன் பங்கு நிலத்தை வைப்பாரா? அன்றைக்கு நானே கேட்டேன். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து, மூன்றாவது நீட். மூன்றாவது தடவையில் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களுக்கு டாக்டர் ஆக வேண்டும் என்று தங்களுக்கே இருந்தது. உங்கள் மகளிடம் "டாக்டர் ஆகி என்ன செய்வாய்?" என்று கேட்டேன். அம்மாவைப் பார்த்தாள். "சும்மா இருக்கும்போது என்ன செய்வாய்?" என்றதும் பையிலிருந்து இயற்பியல் நோட்டை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். ஐயனார் கோவில் பக்கம் பாட்டி தோப்பில் மழை பெய்த நாட்கள், அன்று கேட்ட தவளைச் சத்தங்கள், கேட்ட நேரம், கிணற்றோரமா மரத்தின் மேலா என்ற குறிப்பு. ஒரு சத்தத்துக்கு எதிரே "கண்ணாடிக் கோலியைத் தட்டுவது போல" என்று எழுதியிருந்தாள். இரண்டு மழைக்காலம், ஒரு வாரம்கூட விடவில்லை.

அந்த நோட்டை நீங்கள் "படிக்காமல் கிறுக்கினது" என்றீர்கள். இந்த வேலையைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறவர்கள் இருக்கிறார்கள் சார். தவளை போன்ற இருவாழ்விகளையும் பாம்பு போன்ற ஊர்வனவற்றையும் ஆராய்கிற துறை அது. நர்சிங், பாராமெடிக்கல், அக்ரி, பி.டி.எஸ். பட்டியல் உங்களுக்கு யாரும் தருவார்கள், அதை விட்டுவிடுகிறேன். இந்த ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

உங்கள் ஊர் மலையிலிருந்தே தொடங்கலாம். 2003-ல் மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்திலிருந்து ஒரு ஊதா நிறத் தவளை அறிவியல் உலகுக்குத் தெரியவந்தது. பன்றி மூக்கு, உப்பிய உடம்பு. ஆண்டு முழுக்க மண்ணுக்கடியில் கிடந்து, முட்டையிட மட்டும் சில நாட்கள் மேலே வரும். அதன் தலைப்பிரட்டைகள் வாயாலேயே பாறையைக் கவ்விக்கொண்டு ஓடும் நீரில் அடித்துப்போகாமல் நிற்கும். 2017-ல் மலையின் இந்தப் பக்கத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டில் இருப்பது வேறொரு இனம் என்று ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு நிறுவியது. உருவத்தையும் குரலையும் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டுத்தான் சொன்னார்கள். குரலும் சான்று என்பதைக் கவனியுங்கள். உங்கள் மகள் நோட்டில் எழுதியதும் குரலைத்தான்.

அந்தத் தவளைக்குக் கோவை ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையத்தில் ஆய்வாளராகப் பணியாற்றிய சு. பூபதி அவர்களின் பெயரை வைத்தார்கள். அவர் 2014-ல் அகத்தியமலையில் களப்பணியின்போது நேர்ந்த விபத்தில் இறந்தவர். ஆபத்தே இல்லாத வேலை என்று உங்களிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் ஒரு புதர்த்தவளை இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல், அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்த இனம். 2011-ல் திரும்ப வெளிப்பட்டது. அது நாணல் போன்ற ஒல்லி மூங்கிலில் இருக்கிற சின்னக் கீறல் வழியாக உள்ளே புகுந்து முட்டையிடுகிறது. தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளைதான். முட்டைக்குக் காவல் அப்பன் தவளை. அப்பனை அகற்றிப் பார்த்தபோது பக்கத்து ஆண் தவளைகளே உள்ளே வந்து முட்டையைத் தின்றன என்று தவளை ஆய்வாளர் கே.எஸ். சேஷாத்ரி தன் ஆய்வில் காட்டினார். இதைத் தெரிந்துகொண்டு யாருக்கு என்ன லாபம் என்று மாமா கேட்பார். இனப்பெருக்கக் காலத்தில் அந்த மூங்கிலை வெட்டினால் ஒரு தலைமுறைத் தவளையே போய்விடும். எந்த மாதம் வெட்டக்கூடாது என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால், யாரோ ராத்திரி ராத்திரியாக மூங்கிலடியில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

உலகத்து இருவாழ்வி இனங்களில் 41 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2023-ல் வந்த கணக்கு சொல்கிறது. காடு அழிகிறது, ஓடை காய்கிறது. தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சை வேறு பல கண்டங்களில் தவளைகளைக் கொன்றிருக்கிறது. 90 இனங்கள் அதனால் அழிந்திருக்கலாம் என்று 2019-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஒரு காட்டில் அது இருக்கிறதா என்று பார்க்க, காது குடைகிற பஞ்சுக்குச்சி போன்ற ஒன்றால் தவளையின் தோலைத் தடவியெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அன்றாட வேலை இப்படித்தான் இருக்கும். இருட்டியதும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஓடையோரம் அளந்த தூரத்துக்கு நடப்பது, கண்ணில் பட்டதை எண்ணுவது, மூக்கு நுனியிலிருந்து பின்பக்கம் வரை அளப்பது, எடை போடுவது, குரலைப் பதிவு செய்வது, பிடித்த இடத்திலேயே விடுவது. மறுநாள் பகல் முழுக்கக் கணினி முன்னால் எண்களோடு. அட்டை கடிக்கும். மழையில் நோட்டு நனையும் என்று பென்சிலால்தான் எழுதுவார்கள்.

மாமாவுக்கு உயிர் காக்கிற தொழில்தான் வேண்டுமென்றால், பாம்புப் பக்கம் வரட்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. இங்கே கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்குமானது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய, பாம்பு பிடிக்கிற இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கம் எடுக்கிற விஷம்தான் அந்த மருந்துக்கு முக்கிய ஆதாரம். ஆனால் ஒரே கண்ணாடி விரியனின் விஷம் இடத்துக்கு இடம் மாறுகிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வுகள் காட்டுகின்றன. எந்தப் பாம்பு எங்கே இருக்கிறது, அதன் விஷம் என்ன என்று தெரியாமல் டாக்டர் ஊசியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

சரி, பணம். இளங்கலை விலங்கியலை உங்கள் ஊர்ப் பக்கத்து அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியிலேயே படிக்கட்டும். ஆண்டுக்குச் சில ஆயிரம்தான் ஆகும். நீங்கள் கோச்சிங் விடுதிக்கு ஒரு மாதம் கட்டியதில் அடங்கிவிடும். முதுகலைக்கு மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிர் உயிரியல் இருக்கிறது. டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனம், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்.சி.பி.எஸ்.) இரண்டிலும் இடம் மிகக் குறைவு, போட்டி கடுமை. ஆனால் அங்கே நுழைவுத் தேர்வில் அவள் மனப்பாடத்தைவிட அவள் நோட்டு உதவும். பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையும் வீட்டு வாடகைப் படியும் உண்டு. ஆய்வுப் படிப்புக்கு நீங்கள் பெரிதாகப் பணம் கட்ட வேண்டியிருக்காது, அவளுக்குத்தான் தருவார்கள்.

இதன் மறுபக்கத்தை மறைக்க மாட்டேன். நிலையான வேலை கையில் வர முப்பது வயது ஆகலாம். அதுவரை திட்டத்துக்குத் திட்டம் ஒப்பந்த வேலை. ஒன்று முடிந்து அடுத்தது வருவதற்குள் சில மாதம் சும்மாவும் இருக்க நேரும். வனத்துறை, இந்திய விலங்கியல் அளவாய்வு, கல்லூரி ஆசிரியர் பணி, மணிமுத்தாறில் மையம் வைத்திருக்கிற ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு அமைப்பு போன்றவை என்று கதவுகள் உண்டு, ஆனால் எதுவும் அகலத் திறந்து கிடக்கவில்லை. 25 வயதில் கல்யாணம், அதற்குள் பவுன் சேர்க்க வேண்டும் என்ற கணக்கில் இது பொருந்தாது. அந்தக் கணக்கை மாற்ற முடியாதென்றால் இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள், பாதியில் இழுக்காதீர்கள்.

"ராத்திரி காட்டுக்கு அனுப்பணுமா?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். தனியாக யாரும் போவதில்லை அம்மா. அனுமதி வாங்கி, குழுவாக, பெரும்பாலும் வேட்டைத் தடுப்புக் காவலரோ காட்டை அறிந்த பளியர், காணிக்காரர் போன்ற பழங்குடியினரோ துணையோடுதான் போவார்கள். சேருகிற இடத்தில் பாதுகாப்பு ஏற்பாடு என்ன என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். கேட்டதற்கு எரிச்சல்படுகிற இடமாக இருந்தால் அங்கே அனுப்பாதீர்கள்.

மகளுக்கும் இரண்டு வார்த்தை. பாம்பைக் கழுத்தில் போட்டு ரீல்ஸ் எடுக்கிறவர்கள் பின்னால் போகாதே. அது ஆராய்ச்சி இல்லை. அனுமதியில்லாமல் பாம்பைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. தவளையையும் கையில் எடுக்காதே. கேள், பார், எழுது. புள்ளியியலைக் கண்டு ஓடாதே, இந்தத் துறையில் பலர் விழுவது அங்கேதான். செல்போனில் குரலைப் பதிந்து, தேதியையும் இடத்தையும் சொல்லிவிட்டு நிறுத்து. அந்த இயற்பியல் நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதே.

சார், உங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் விண்ணப்பம் எப்போது முடிகிறது என்று திங்கட்கிழமையே விசாரித்துவிடுங்கள். கோச்சிங் சென்டரிலிருந்து "முன்பணம் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி" என்று போன் வரும், எடுக்க வேண்டாம். மாமா இன்னும் சமாதானம் ஆகவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் அவரை மட்டும் அனுப்பி வையுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.